நான்கு நாற்றுத் தட்டுகள் எங்கே?

அத்தியாயம் ஐந்து

இந்தக் கேள்வியை அன்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

பாசபி லாஹிரி மனதுக்குள் இதைப் புரட்டிக்கொண்டே நடந்தாள். கேள்வி சின்னதுதான். ‘இந்த ஆராய்ச்சியில் நீங்கள் செய்தது என்ன?’ இரண்டு நாட்களாக அதை மூன்று பேரிடம் கேட்டுவிட்டாள். கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள் காது மடல் சூடானது. யாரும் கவனிக்கவில்லை. துப்பறிகிறவளின் காதை யார் பார்க்கிறார்கள்?

முன்னால் டாக்டர் சாத்யகி குஹ வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது, கசங்காத சட்டை.

"எல்லாமே நான்தான் மேடம். ஐடியா, திட்டம், அளவு எடுக்கறது, எல்லாம். ரெண்டு வருஷம் இந்த செடி ரூம்லயே குடியிருந்தேன்னு வச்சுக்குங்களேன்."

"வாடகை எவ்வளவு ஸார்?" என்றார் பின்னால் மூச்சு வாங்க வந்த உதவியாளர் ஹாபுல்தா.

குஹ திரும்பி முறைத்தார். ஹாபுல் குண்டு என்ற அந்த மனிதரை முறைத்துப் பயனில்லை. காலேஜ் தெருவில் ஒரு அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் புரூஃப் பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டில் மனைவியின் மளிகைப் பட்டியலைத் திருத்தப் போய், மூன்றாம் நாள் பாசபியின் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வந்தவர்.

கல்கத்தாவின் சால்ட் லேக்கில் இருந்த அந்தப் பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்கு பாசபியை அழைத்தவர் அதன் இயக்குநர். புயலில் கடல் புகுந்த வயல்களுக்கான நெல் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. நாற்றுக்கு முதல் நாள் இலேசான உப்புத் தண்ணீர் காட்டிப் பழக்கினால், மறுநாள் கடுமையான உப்பையும் அது தாங்கிக்கொள்ளும் என்பது கண்டுபிடிப்பு. அதில் ஐந்து பெயர்கள். முதலில் குஹ. கடைசியில் பேராசிரியர் சான்யால். நான்காவதாக ஷியூலி நஸ்கர் என்ற ஆராய்ச்சி மாணவி. முதல் இடம் தன்னுடையது, வரைவில் அப்படித்தான் இருந்தது, அனுப்பும்போது மாற்றிவிட்டார்கள் என்பது அவள் புகார்.

நேற்று டாக்ஸியில் ஹாபுல்தாவுக்கு இது பிடிபடவே இல்லை. "அஞ்சு பேரும்தான் இருக்கே திதிமணி. முன்னால இருந்தா என்ன, பின்னால இருந்தா என்ன?" என்று கேட்டார்; பாசபியை அவர் அக்கா என்ற பொருளில் திதிமணி என்பார். துப்பறிய வருமுன் ஆய்வகத்தில் இருந்த பாசபி விளக்கினாள். வேலை செய்தவர் பெயர் முதலில். ஆய்வகத்தின் தலைவர் பெயர் கடைசியில். கைகொடுத்தவர்கள் நடுவில். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்:

"கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லுங்க. முதல் பேரு மாப்பிள்ளை. கடைசிப் பேரு பொண்ணோட அப்பா, அத்தனை செலவும் அவருது. நடுவுல இருக்கறவன் மீன் சாப்பிட வந்தவன்."

பாசபி சிரித்தாள். ஆனால் ஷியூலிக்கு இது சிரிப்பு இல்லை. முதல் பெயராக ஒரு கட்டுரையாவது இருந்தால்தான் அந்த நிலையத்தில் ஆய்வேட்டை வாங்கிக்கொள்வார்கள். அவளுடைய ஏழு வருடப் பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று புதன். இயக்குநர் மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை கேட்டிருந்தார்.

செடி ரூமின் கனத்த கதவை குஹ இழுத்துத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. குளிர் முகத்தில் அடித்தது. குஹ சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டார். வெள்ளை விளக்குகள் பளீரென்று எரிந்தன.

"டேய், யாருடா அது! அணைடா விளக்கை!"

கீழ் அடுக்கின் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் சீறியது. பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சோடு ஒரு பெண் எழுந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். நீலக் கோட்டு, ரப்பர் செருப்பு. குஹவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க ஸார். நீங்கன்னு தெரியலை."

"பரவாயில்ல, போ போ," என்றார் குஹ. அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நழுவினாள். போகிறபோது விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

இருட்டில் பாசபி நின்றாள். குஹ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் விழவில்லை.

வெளியே வந்து குஹ போனதும் ஹாபுல்தா கேட்டார். "என்ன திதிமணி, விளக்கு போட்டதுக்கு ஒரு அம்மா டாக்டரையே டேய்ங்குது?"

"இந்த ரூம்ல பகல் நம்ம ராத்திரி, ராத்திரி நம்ம பகல் ஹாபுல்தா. மத்தியானத்துல அத்தனை விளக்கும் எரிஞ்சா ஏ.சி தாங்காது. அதனால செடிக்கு இப்ப நடு ராத்திரி. பச்சை வெளிச்சம் செடிக்கு உறைக்காது. வெள்ளை விளக்கு ஒரு நிமிஷம் எரிஞ்சாக்கூட ஒரு வாரக் கணக்கு பாழ்."

"ரெண்டு வருஷம் குடியிருந்தவருக்கு வீட்டுல எப்ப ராத்திரின்னு தெரியலை." ஹாபுல்தா விரலை மடக்கினார். "மாப்பிள்ளை போலி."

ஷியூலி வந்தாள். ஒல்லியான பெண், முப்பது வயது. கானிங்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவள். கதவைத் திறக்கும் முன் கொக்கியில் தொங்கிய பச்சை டார்ச்சை, பேசிக்கொண்டே, பார்க்காமலே எடுத்தாள். உள்ளே தட்டுத் தட்டாகக் காட்டினாள். நாற்றுகளின் வரிசைகளை அவள் கை தொடும் விதத்திலேயே தெரிந்தது. இது அவள் இடம்.

"குஹதாவுக்கு வேலை கிடைக்கணும் திதி. அதனால முதல் இடத்தை அவருக்குக் குடுன்னு சான்யால் ஸார் சொன்னார். உனக்கென்ன, அடுத்த பேப்பர்ல நீதான் முதல்னார். நான் சரின்னுட்டேன். ஸார் கிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது? அப்புறம் அடுத்த பேப்பரே வரலை."

அந்தக் குரலில் கோபத்தைவிட வெட்கம் அதிகம். சரி என்று சொன்னதற்கான வெட்கம். அது பாசபிக்குப் புரிந்தது. அதைவிட நிம்மதியாகவும் இருந்தது. ஒரு வழக்கில் யார் பக்கம் நிற்பது என்று இவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிட்டால், நிற்பவளும் கொஞ்சம் சுத்தமாகிவிட்ட மாதிரி இருக்கிறது. மணி மூன்றுதான். அறிக்கையை நாலுக்கே எழுதி முடித்துவிடலாம்.

நடைக்கூடத்து பெஞ்சில் ஹாபுல்தா அந்தக் கட்டுரையை மடியில் வைத்து விரலால் மேய்ந்துகொண்டிருந்தார்.

"படிக்கறீங்களா?"

"சீ, படிப்பேனா! முப்பத்தொரு வருஷமா நான் எதையும் படிச்சதில்லை. இல்லாததைத்தான் பாப்பேன்." மூன்றாவது அட்டவணையைத் தட்டினார். "தட்டு நம்பர் முப்பது. அடுத்தது முப்பத்தஞ்சு. நடுவுல நாலு தட்டு எங்க போச்சு?"

பாசபி பார்த்தாள். உண்மைதான். ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை வரிசையாகப் போன எண்களில் முப்பத்தொன்று முதல் முப்பத்து நான்கு வரை இல்லை.

ஷியூலியைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஒன்றும் பெரிய கேள்வியாக அல்ல, ஒரு சம்பிரதாயத்துக்கு.

ஷியூலி டார்ச்சை அணைத்தாள். திரும்பப் போட்டாள்.

"அது... கரண்ட் போச்சு திதி. அன்னைக்கு செடியெல்லாம் வாடிடுச்சு. அதனால கணக்குல சேர்க்கலை."

"ஓஹோ," என்றார் ஹாபுல்தா. "கல்கத்தாவுல கரண்ட் போனா தெருவே இருட்டாகும். இங்க நாப்பத்தெட்டுல நாலு தட்டுக்கு மட்டும் போச்சா? அந்த லைன்மேனை எங்க தெருவுக்கு அனுப்பும்மா. பக்கத்து வீட்டு டீவிக்கு மட்டும் நிறுத்தணும்."

ஷியூலி சிரிக்கவில்லை. பழைய பதிவேட்டை எடுத்து வருவதாகச் சொல்லி வேகமாகப் போனாள். பாசபியின் நிம்மதி அவளோடு கிளம்பிப் போய்விட்டது. பொய் சொல்கிறவர்களைப் பார்த்து அவளுக்குப் பழக்கம். ஆனால் இந்தப் பொய் குஹவிடமிருந்து வரவில்லை.

"வாங்க," என்றாள்.

"எங்க?"

"டேய்னு சொன்னாங்களே, அவங்ககிட்ட."

நடைக்கூடத்தின் கோடியில் தட்டு கழுவும் இடம். நீலக் கோட்டுக்காரி குழாயடியில் பிளாஸ்டிக் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொரொபி பிரமாணிக். பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் புதுக் கையெழுத்து. பாருய்பூரிலிருந்து ரயிலில் வந்து போகிறாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க திதி, விளக்கைப் பாத்ததும் வாயில வந்துடுச்சு. தூங்கற குழந்தை மூஞ்சில டார்ச் அடிச்ச மாதிரி இருக்கும் எனக்கு."

"டேய்னது ரொம்பப் பொருத்தமா இருந்துச்சும்மா," என்றார் ஹாபுல்தா. "நாங்களே சொல்லணும்னு இருந்தோம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாசபி அந்த நான்கு தட்டுகளைப் பற்றிக் கேட்டாள். கொரொபியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு, முப்பத்திநாலு. மறக்குமா! அது என் தப்புலதானே வந்துது. அன்னைக்கு ரயில் லேட்டு. அவசரத்துல கேனைச் சரியா அலம்பலை. அடியில கொஞ்சம் உப்புத் தண்ணி நின்னிருக்கு, அதுலயே நல்ல தண்ணி பிடிச்சு நாலு தட்டுக்கு ஊத்திட்டேன். நாக்குல வச்சுப் பாத்தா இலேசாக் கரிக்குது. அய்யோன்னு ஆயிடுச்சு. ஷியூலி திதி ஊருக்குப் போயிருந்தாங்க. தூக்கிப் போட்டா திட்டு, போடலைன்னாலும் திட்டு. சரின்னு விட்டுட்டேன். மறுநாள் எல்லாத்துக்கும் கடும் உப்பு ஊத்தற நாள். மூணு நாள்ல எல்லாத் தட்டும் படுத்துடுச்சு. இந்த நாலு மட்டும் எந்திரிச்சு நிக்குது!"

"அதை ஷியூலிகிட்ட சொன்னீங்களா?"

"உடனே சொல்லலை. தப்புன்னா மானம் போயிடுமே. கீழ் அடுக்குல யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க. அங்க எட்டு தட்டு வச்சேன். நாலுக்கு முதல்ல இலேசான உப்பு, நாலுக்கு வெறும் தண்ணி. மறுநாள் எட்டுக்கும் கடும் உப்பு. மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் அதேதான். பொண்ணோட பழைய நோட்டுப் பின்பக்கத்துல தேதி போட்டு எழுதி, அப்புறந்தான் ஷியூலி திதி கையில குடுத்தேன். அவங்க என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க."

குழாய் ஒழுகியது. பாசபி அதை மூடினாள். எட்டு தட்டு. நான்குக்கு ஒன்று, நான்குக்கு வேறொன்று. மூன்று தடவை. ஆராய்ச்சி என்பது இதற்கு மேல் என்ன? இரண்டு வருடம் ஷியூலி உழைத்தது உண்மை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டவள் இவள், தட்டு கழுவுகிறவள்.

"திதி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?" கொரொபி குரலைத் தாழ்த்தினாள். "உங்க பேரும் அதுல இருக்கு கொரொபிதின்னு ஷியூலி திதி சொன்னாங்க. நான் எங்க தெருவுக்கே சந்தேஷ் இனிப்பு வாங்கிக் குடுத்தேன். பொண்ணு ஸ்கூல்ல போய்ச் சொல்லிட்டா. அந்தப் புஸ்தகத்தைத்தான் நான் இன்னும் கண்ணால பாக்கலை. என் பேரு எத்தனாவதா இருக்கு?"

கட்டுரை பாசபியின் தோள்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நொடி போதும். ஐந்து பெயர்கள், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘செடி ரூம் ஊழியர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி. பெயர் கிடையாது.

"பாத்துச் சொல்றேன்," என்றாள்.

ஹாபுல்தா மூடிய குழாயை இன்னொரு முறை இறுக்கினார்.

மாடிப்படித் திருப்பத்தில் ஷியூலி காத்திருந்தாள். கையில் பதிவேடு இல்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது, அட்டையில் பூனைப் படம் போட்டது.

"நீங்க அங்க போனதைப் பாத்தேன்," என்றாள். நோட்டை பாசபியிடம் நீட்டினாள். "தூக்கிப் போடணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன். முடியலை."

பாசபி பிரித்தாள். பென்சில் எழுத்து. தேதிகள். நின்றது, படுத்தது, நின்றது. ஷியூலியின் பதிவேட்டில் இலேசான உப்பின் முதல் சோதனை தொடங்கிய நாளுக்கு ஐந்து வாரம் முந்தைய தேதிகள்.

"ஏன் ஷியூலி?"

"பேர் சேர்க்கற படிவத்துல கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு வரியே கிடையாது திதி. ஸார்கிட்ட கேட்டிருக்கலாம். கேக்கலை. அந்த நாலு தட்டைப் போட்டா அது எப்படி வந்துதுன்னு எழுதணும். எழுதினா யாரு ஊத்தினாங்கன்னு எழுதணும். வரிசையை அழிச்சுட்டேன். நாலு எண்தானேன்னு நினைச்சேன்."

"அவங்ககிட்ட பேர் இருக்குன்னு சொல்லியிருக்க."

ஷியூலியின் முகம் சிவந்தது. கழுத்து வரை சிவந்தது. "அவங்க கேட்டாங்க. வாயில வந்துடுச்சு. மறுநாள் டப்பால சந்தேஷ் கொண்டுவந்து குடுத்தாங்க. நான் தின்னேன் திதி. அவங்க முன்னாலயே நின்னு தின்னேன்."

கீழே யாரோ சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். ஹாபுல்தா நாலு படி கீழே இறங்கி, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"ரெண்டையும் ஒரே ரிப்போர்ட்ல எழுதிட்டீங்கன்னா என்ன ஆகும் தெரியுமா?" ஷியூலி பாசபியின் கையைப் பிடித்தாள். "திருடினவளே திருட்டுப் புகார் குடுக்க வந்துட்டான்னு சான்யால் ஸார் சொல்வார். கமிட்டி போடுவாங்க. கமிட்டி கூடறதுக்குள்ள வெள்ளிக்கிழமை போயிடும். ஏழு வருஷம் திதி. என் அப்பா இறால் குட்டையை அடமானம் வச்சு அனுப்பினார். குஹதா பத்தின உண்மையை மட்டும் இன்னைக்கு எழுதுங்க. ஒரு வாரம் குடுங்க. அடுத்த புதன்கிழமை நானே உங்க ஆபீசுக்கு வந்து கொரொபிதி பத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். என் மேல சத்தியம்."

பாசபி அவளை நம்பினாள். கஷ்டமே அதுதான். இவள் ஏமாற்றப் பார்க்கவில்லை. இந்த நிமிடம் முழு மனதோடுதான் சொல்கிறாள்.

பதினாறு வருடம் முன்பு, பாசபியோடு ஒரே ஆய்வகத்தில் இருந்த இந்திராணி மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்திருந்தாள். அவள் முக்கால்வாசி முடித்த வேலையை பாசபி முடித்தாள். பேராசிரியர் பட்டியலை நீட்டியபோது தன் பெயரை முதலில் எழுதினாள். இந்திராணி மூன்றாவது. திரும்பி வந்த இந்திராணி சண்டை போடவில்லை. ‘நல்லா வந்திருக்கு பாசபி’ என்றாள். பாசபி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பேப்பரில் பார் என்று சொன்னாள். அதுவும் முழு மனதோடுதான். அந்த ஆண்டின் கடைசியில் இந்திராணி ஒரு வங்கி வேலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பாசபியால் அந்த ஆய்வகத்தின் கதவைத் தள்ளித் திறக்க முடியவில்லை. வேலையை விட்டதற்கு ஆயிரம் காரணம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

"உங்களுக்குப் புரியும் திதி. நீங்களும் இந்த வேலையில இருந்தவங்கதானே. நீங்க ஒரு தடவைகூட...?"

"செஞ்சிருக்கேன்," என்றாள் பாசபி.

ஷியூலி திகைத்தாள். படியில் நின்ற ஹாபுல்தாவின் முதுகு அசையவில்லை. ஆனால் கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது. இத்தனை வருடம் கழித்து வாய்விட்டுச் சொன்னால் மனம் இலேசாகும் என்று பாசபி எங்கோ நம்பியிருந்தாள். ஆகவில்லை. புடவை நழுவினதுபோல் உடம்பு கூசியது, அவ்வளவுதான்.

"அப்படின்னா..." ஷியூலியின் பிடி இறுகியது. "அப்படின்னா உங்களுக்கே தெரியுமே. ஒரு வாரம்தான் கேக்கறேன்."

"நீ செஞ்சது பூரா எழுதறேன். இந்த ரெண்டு வருஷ வேலை உன்னுது, குஹவுது இல்லை. அதுல ஒரு சொல் குறைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்கு மேல அவகாசம் குடுக்கணும்னு இயக்குநர்கிட்ட நானே போய்க் கேக்கறேன். குடுப்பாரான்னு தெரியாது."

"கொரொபிதி?"

"அவங்க செஞ்சதும் அதே பக்கத்துல வரும். இன்னைக்கே."

"திதி, காலைத் தொடறேன்."

அவள் குனிந்தாள். பாசபி தோளைப் பிடித்து நிறுத்தினாள். அந்தத் தோள் எலும்பு உள்ளங்கையில் குத்தியது. இல்லை என்று மெல்லத் தலையை அசைத்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கினாள்.